கடல் கொண்ட நிலத்துக்குப் பட்டா உண்டா?

வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போன பிறகும் நிமிர முடியாது. தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கூரை நிற்கிறது. சுவரில் இருக்க வேண்டிய ஜன்னல் முழங்கால் மட்டத்தில் இருக்கிறது. கதவின் மேல் பாதி மட்டுமே கதவாக மிஞ்சியிருக்கிறது.

வீட்டைக் கட்டியவனுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கட்டியபோது கூரை உயரமாகத்தான் இருந்தது. ஒரு நாள் கடல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. தரையில் மண் கொட்டி ஓர் அடி உயர்த்தினார்கள். சில வருஷங்களில் தண்ணீர் மறுபடி வந்தது. மறுபடி உயர்த்தினார்கள். கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. தரைதான் ஏறிக்கொண்டே போயிற்று. மண் வாங்கவும் காசு இல்லாமற் போன பிறகு, பலகைகளை அடித்துப் பரண் போல ஒரு தளம் போட்டுக் கொண்டார்கள். அதன் மேல்தான் அடுப்பு, பாய், பிள்ளைகள், குடித்தனம் எல்லாம். பலகை இடுக்கு வழியே கீழே பார்த்தால் கடல் தெரிகிறது.

இந்தோனேஷியாவில், ஜாவா தீவின் வடகரையில், டெமாக் ஜில்லாவில் உள்ள டிம்புல்ஸ்லோகோ என்ற சிற்றூரின் கதை இது. ஸெமாராங் என்ற பெரிய துறைமுக நகருக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில், ஸாயுங் வட்டாரத்தில் இந்த ஊர் இருக்கிறது. ஊர் என்று சொல்வதா, கடல் என்று சொல்வதா என்பதுதான் இப்போது கேள்வி. அந்தக் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதிலில் இந்த ஜனங்களின் தலைவிதியே அடங்கியிருக்கிறது.

கடல் கொடுத்த பூமி

டெமாக் பெயர் பெற்ற பூமி. ஜாவாவில் முதன் முதலாக ஏற்பட்ட முஸ்லிம் ராஜ்யம் இங்கேதான் தோன்றியது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினாறாம் நூற்றாண்டிலும் அது ஓங்கி நின்றது. டெமாக் பெரிய பள்ளிவாசலைக் காண இன்றும் ஜனங்கள் திரளாக வருகிறார்கள். அந்த நாளில் டெமாக்குக்கும் வடக்கே உள்ள முரியா மலைக்கும் இடையே கடல் இருந்தது. கப்பல்கள் அந்த ஜலசந்தி வழியாகப் போய் வந்தன. பிறகு ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, கொஞ்சங் கொஞ்சமாக ஜலசந்தியைத் தூர்த்துவிட்டன. கடல் இருந்த இடத்தில் வயல் வந்தது.

கப்பல் என்ற நம் சொல்லை அந்நாட்டு மக்களும் ‘காப்பால்’ என்றே வழங்குகிறார்கள். குளம் அவர்களுக்குக் ‘கோலாம்’, பெட்டி ‘பெத்தி’. பழைய கடல் வாணிகம் விட்டுச் சென்ற தடங்கள் இவை. ஆனால் தமிழில் ‘கடல்கோள்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் பொருளை டிம்புல்ஸ்லோகோவாசிகளுக்கு அகராதியைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் தினம் இரவும் பகலும் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஊரில் வயதானவர்கள் சொல்வதைக் கேட்டால் நம்புவதற்குச் சிரமமாக இருக்கும். இப்போது படகு போகும் இடத்தில் நெல் விளைந்ததாம். தென்னை மரங்கள் இருந்தனவாம். ஆடு மாடு மேய்ந்ததாம். ஏதோ ஏழு தலைமுறைக்கு முந்திய கதை அல்ல இது. அவர்களே பால்யத்தில் ஓடி விளையாடிய வரப்புகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நிலம் தாழ்ந்தது ஏன்?

முதல் தவறு இறால் ஆசையில் வந்தது. 1980க்குப் பின் வந்த ஆண்டுகளில் வெளிநாடுகளில் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. வடகரை நெடுகிலும் அலையாத்தி மரங்களை வெட்டி, ‘தம்பாக்’ எனப்படும் மீன் குட்டைகளை வெட்டினார்கள். இறாலும், ‘பண்டெங்’ என்ற பால் மீனும் வளர்த்தார்கள். சில ஆண்டுகள் பணம் கொழித்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டு வீடு வந்தது. மெக்கா யாத்திரைக்குப் போய்வந்தவர்களும் உண்டு. பிறகு இறாலுக்கு நோய் வந்தது. அலையின் வேகத்தைத் தாங்கி மண்ணைப் பிடித்து வைத்திருந்த மரங்கள் போய்விட்டதால், கரை கரைய ஆரம்பித்தது. குட்டையின் வரப்பு உடைந்தால் குட்டையும் கடலும் ஒன்றாகிவிடும். ஒரு குட்டைக்குப் பின் அடுத்த குட்டை, அதற்குப் பின் வயல், அதற்குப் பின் வீடு என்று கடல் வரிசையாக உள்ளே வந்தது.

இந்த மட்டும் கிராமத்தார் மேலும் குற்றம் உண்டு. அவர்களே அதை ஒப்புக் கொள்கிறார்கள். ஆனால் இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிது. அது கண்ணுக்குத் தெரியாத காரணம். ஸெமாராங்கிலிருந்து ஸாயுங் வரை நெடுஞ்சாலை ஓரமாகத் தொழிற்சாலைகள் வரிசையாக முளைத்தன. தொழிற்சாலைக்கும் ஹோட்டலுக்கும் குடியிருப்புக்கும் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் போதவில்லை. ஆழ்குழாய்க் கிணறுகளை இறக்கி, பூமிக்கடியில் இருந்த நீரை உறிஞ்சினார்கள். வண்டல் பூமி பஞ்சு போன்றது. தண்ணீர் இருக்கும்வரை உப்பி நிற்கும். தண்ணீரை எடுத்துவிட்டால் அமுங்கிப் போகும்.

அமுங்கும் வேகத்தைக் கேட்டால் திடுக்கிட நேரும். ஸெமாராங்–டெமாக் கரையில் சில இடங்களில் பூமி வருஷத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வரை தாழ்கிறது. அதாவது நாலு அங்குலம். பத்து வருஷத்தில் ஒரு மனிதனின் இடுப்பளவு! உலகம் வெப்பமடைவதால் கடல் மட்டம் உயர்வதும் வாஸ்தவம்தான். ஆனால் அது வருஷத்துக்கு 4 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் இந்த ஊருக்குள் கடல் ஏறி வந்தது என்பது பாதி உண்மை. ஊர் கடலுக்குள் இறங்கிவிட்டது என்பதே முழு உண்மை. இறக்கியது இயற்கையல்ல, மனிதன் இறைத்த தண்ணீர்.

இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் அவசியப்படும்.

உயிர்: சாவு இல்லாத ஆபத்து

உயிர், உடைமை, பாதுகாப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். எந்த சர்க்காரும் பிரஜைகளுக்கு முதலில் வாக்களிப்பது இந்த மூன்றையும்தான். டிம்புல்ஸ்லோகோவில் இவை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உயிர். ‘ரோப்’ என்பது ஜாவானியர் கடல் ஏற்றத்தால் வரும் வெள்ளத்துக்கு இட்ட பெயர். ஒரு காலத்தில் அது எப்போதோ வரும் விருந்தாளி. இப்போது வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. வீட்டுக்கு வீடு பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். அதன் மேல்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெளியூர் போகப் படகுதான் வாகனம். உப்புத் தண்ணீரில் நனைந்து நனைந்து மோட்டார் சைக்கிள் துருப்பிடிக்கிறது, ஆணி துருப்பிடிக்கிறது, கம்பி துருப்பிடிக்கிறது. அதனால் எந்தப் பலகை எப்போது பிடி விடும் என்று சொல்ல முடியாது.

இருப்பவர்களுக்கு இப்படி என்றால் இறந்தவர்களுக்கும் இடம் இல்லை. ஊர் இடுகாட்டைக் கடல் மூடியது. மண் கொண்டுவந்து கொட்டி அதை மேடாக்க ஊரார் பட்ட பாடு கொஞ்சமல்ல. சவத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், ஏற்றம் வடிகிற நேரம் பார்த்து அடக்கம் செய்ய வேண்டிய நிலைமை. பெற்றவர்களின் சமாதியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுப் போக மனமில்லாமலேயே சிலர் ஊரைவிட்டு நகர மறுக்கிறார்கள்.

ஆனால் இந்த ஆபத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒரே நாளில் நூறு பேர் சாவதில்லை. ஆகையால் பத்திரிகைகளில் பெரிய எழுத்துத் தலைப்பு வருவதில்லை. மந்திரிகள் விமானத்தில் பறந்து வருவதில்லை.

இதே இந்தோனேஷியாவில், ஸுமாத்ராவுக்கு மேற்கே ஸிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. 2004 டிசம்பர் 26ந் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது பூகம்பத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்தது அந்தத் தீவு. ஆச்சே மாகாணத்தில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்ட அந்த நாளில், சுமார் 78,000 பேர் வாழ்ந்த ஸிமெலுவேயில் இறந்தவர்கள் ஏழே பேர். காரணம் என்ன? 1907ல் அந்தத் தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. பூமி பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைப் பாட்டிமார் தாலாட்டோடும் கதையோடும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். ‘ஸ்மோங்’ என்ற அந்த ஒரு சொல் ஊரைக் காப்பாற்றியது.

டிம்புல்ஸ்லோகோவுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. திடீரென்று வரும் கடலுக்கு மலை இருக்கிறது. மெள்ள மெள்ள வரும் கடலுக்கு எந்த மலைக்கு ஓடுவது? எந்த நாளில் ஓடுவது? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இங்கே கடல் நின்று கொல்கிறது.

சட்டமும் அவசரமாக வரும் ஆபத்தையே கண்ணெடுத்துப் பார்க்கிறது. 2007ம் ஆண்டின் பேரிடர் நிர்வாகச் சட்டம் இயற்கைப் பேரிடர்களுக்கு உதாரணம் சொல்லும்போது பூகம்பம், ஆழிப்பேரலை, எரிமலை, வெள்ளம், வறட்சி, சூறாவளி, நிலச் சரிவு என்று அடுக்குகிறது. பூமி தாழ்வது என்ற ஆபத்தின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

உடைமை: பட்டா இருக்கிறது, நிலம் இல்லை

அடுத்தது உடைமை. இந்தோனேஷியா சுதந்திரம் பெற்ற பிறகு இயற்றிய மிக முக்கியமான சட்டங்களில் ஒன்று 1960ம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம். டச்சுக்காரர் காலத்து நிலச் சட்டத்தைத் தூக்கி எறிந்து, உழுகிறவனுக்கு நிலத்தின் மேல் உறுதியான பாத்தியதை தர வேண்டும் என்று வந்த சட்டம் அது. அது பிறந்த செப்டம்பர் 24ந் தேதியைத்தான் அந்நாட்டார் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட சட்டத்தின் 27வது பிரிவில், சொந்த பாத்தியதை எப்போது முடிந்து போகும் என்று சொல்லியிருக்கிறது. நிலம் சர்க்காருக்குச் சேர்ந்தால் முடியும். நிலம் அழிந்து போனாலும் முடியும்.

‘தானா மூஸ்னா’, அதாவது அழிந்த நிலம்! இரண்டே வார்த்தை. பேப்பரில் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. நிலமே இல்லாதபோது நிலத்துக்கு ஏது சொந்தக்காரன்? ஆற்றில் கரைந்து போன வரப்புக்காக எந்தக் கோர்ட்டில் வழக்காடுவது? 1960ல் சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இருந்தது அவ்வளவுதான் போலும். ஓர் ஊரே பூமி தாழ்ந்து கடலுக்குள் இறங்கும் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்?

இன்று டிம்புல்ஸ்லோகோவைப் போன்ற ஊர்களில் அந்த இரண்டு வார்த்தைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஒருவருடைய பாட்டன் உழுத நிலம். தகப்பன் குட்டை வெட்டிய நிலம். முறையாகப் பதிவான ஸர்ட்டிபிகேட் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பலகை மேல் நின்றுகொண்டு, “அதோ, அந்த மூங்கிலிலிருந்து இந்த மூங்கில் வரை” என்று கை நீட்டி எல்லை காட்டவும் முடியும். ஆனால் அங்கே நிற்பது தண்ணீர். அது அழிந்த நிலம் என்று தீர்ப்பாகிவிட்டால், பெட்டியில் உள்ள காகிதம் வெறும் காகிதம்.

2021ல் வந்த சர்க்கார் விதிகள் இதைக் கொஞ்சம் தளர்த்தின. அழிந்த நிலத்தை மீட்டுக்கொள்ளும் முதல் வாய்ப்பை நிலத்துக்காரருக்கே அவை கொடுத்தன. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வீட்டுத் தரையில் ஓர் அடி மண் கொட்டவே கடன் வாங்கும் மீனவன், கடலைத் தூர்த்து நிலம் எடுப்பது எப்படி? பசியோடு இருப்பவனிடம் அரிசி மூட்டையின் விலையைச் சொல்லி, வாங்கிக்கொள்ள உனக்குத்தான் முதல் உரிமை என்பது போல இருக்கிறது இது.

பிறகு 2022ல் ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று வந்தது. பொதுக் காரியத்துக்காகச் சர்க்கார் கட்டட வேலை நடத்தும் இடத்தில், அழிந்த நிலம் என்று கண்டறியப்பட்ட நிலத்துக்காரர்களுக்கு ஒரு தொகை கொடுக்கலாம் என்று அது வழி செய்தது. அதன் பெயர் நஷ்டஈடு அல்ல, கருணைத் தொகை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நஷ்டஈடு என்பது உரிமை, கேட்டு வாங்கலாம். கருணை என்பது தயவு. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம் வேறு. அந்தக் கருணையும், பொதுக் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குத்தான் உண்டு. கடலில் மூழ்கிய நிலத்தின் மேல் நெடுஞ்சாலை வந்தால் பணம் வரும். நெடுஞ்சாலை அந்தப் பக்கம் திரும்பாவிட்டால்? அடுத்தடுத்த இரண்டு குட்டைகள். ஒரே வருஷத்தில் மூழ்கியவை. ஒன்றின் சொந்தக்காரருக்குத் தொகை, மற்றொருவருக்கு ஒன்றுமில்லை. இருவரின் நஷ்டத்திலும் வித்தியாசம் இல்லை. ரோடு போட்டவர்களின் வரைபடத்தில்தான் வித்தியாசம்.

பாதுகாப்பு: ரோட்டுக்கா, ஊருக்கா?

மூன்றாவது பாதுகாப்பு. ஜாவாவின் வடகரையில் ரோட்டுக்கு என்றுமே மதிப்பு அதிகம். 1808ல் கவர்னர் ஜெனரல் டாண்டல்ஸ், மேற்குக் கோடியில் உள்ள ஆன்யரிலிருந்து கிழக்கே பானாருக்கான் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் தூரம் தபால் ரோடு போட்டார். அதற்காகக் கட்டாய வேலை செய்து மடிந்த ஜாவானியர் ஆயிரக்கணக்கானவர்கள். இன்று அதே கரையில், ஸெமாராங்கையும் டெமாக்கையும் சேர்க்கும் சுங்க நெடுஞ்சாலை வருகிறது. ஸாயுங்–டெமாக் பகுதி 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஸெமாராங்–ஸாயுங் பகுதி கடலின் மேலேயே, மூங்கில்களை அடுக்கடுக்காகப் பாய் போலப் பின்னி அமிழ்த்தி, அதன் மேல் எழுப்பப்படுகிறது. ரோடே கடல் சுவராகவும் இருக்கும் என்பது திட்டம்.

பொறியியல் சாமர்த்தியத்தைக் குறை சொல்ல முடியாது. 2022 மே 23ந் தேதி ஸெமாராங் துறைமுகப் பக்கம் கரை உடைந்து, தொழிற்சாலைகளுக்குள் கடல் புகுந்து தொழிலாளர்கள் தத்தளித்ததை அந்நாட்டார் மறக்கவில்லை. சுவர் வேண்டியதுதான். ஆனால் சுவர் என்றால் அதற்கு இரண்டு பக்கம் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு அது பாதுகாப்பு. வெளியே நிற்பவர்களுக்கு? உள்ளே போக முடியாத தண்ணீர் தங்கள் பக்கம் திரும்புமே என்று சுவருக்கு வெளியே உள்ள கிராமத்தார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியது திட்டம் போட்டவர்களின் கடமை.

இதைவிடப் பெரிய சுவர் பற்றியும் பேச்சு நடக்கிறது. பான்டன் முதல் கிரெஸிக் வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிரம்மாண்டமான கடல் சுவர் எழுப்பப் போவதாக ஜனாதிபதி பிரபோவோ ஸுபியாந்தோ 2025 ஜூனில் அறிவித்தார். செலவு 8,000 கோடி டாலர் என்றார்கள். வேலையைக் கவனிக்கத் தனி அதிகார சபையும் அதே வருஷம் ஏற்பட்டது. முடிய எத்தனை காலம் ஆகுமோ, டிம்புல்ஸ்லோகோவின் பலகைத் தளம் அதுவரை தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

சின்னச் செலவில் செய்து பார்த்த வேலையும் ஒன்று உண்டு. 2015 முதல் சில ஆண்டுகள், இந்தோனேஷிய சர்க்காரும், ஹாலந்து நாட்டு நிபுணர்களும், கிராமத்தாரும் சேர்ந்து டெமாக் கரையில் மூங்கில் வேலி நட்டார்கள். கழிகளை இரண்டு வரிசையாக அடித்து, நடுவே சுள்ளிக் கட்டுகளை அடைத்துவிடுவார்கள். அலை அதில் மோதி வேகம் தணியும். கலங்கல் நீரில் உள்ள சேறு உள்ளே தங்கும். சேறு மேடானால் அலையாத்தி தானே முளைக்கும். கடலோடு சண்டை போடாமல் கடலையே வேலைக்காரனாக்கும் யுக்தி அது. 2022 டிசம்பரில் ஐ.நா. சபை உலகத்துக்கு முன்மாதிரியாகப் பொறுக்கி எடுத்த பத்து இயற்கை மீட்புத் திட்டங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த வேலைக்கும் எமனாக வந்தது பூமி தாழ்வதுதான். வேலிக்குள் சேறு படியும் வேகத்தைவிடத் தரை அமுங்கும் வேகம் அதிகமாக இருந்தால் மரம் எங்கே நிற்கும்? கிணற்றில் இறைப்பதை நிறுத்தாமல் கரையில் நட்டுக் கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவது போலத்தான்.

“ஏன் போய்விடக் கூடாது?”

பட்டணத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சுலபமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு கஷ்டப்படுவானேன்? வேறு இடம் போய்விட்டால் என்ன?

போனவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே உள்ள பெடோனோ கிராமத்தைச் சேர்ந்த ரெஜோஸாரி ஸெனிக் என்ற குக்கிராமத்தில் 200க்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. 2006ல் அவர்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். இன்று அந்த ஊர் அலையாத்திக் காடு. அதே பெடோனோவில், கடலுக்கு நடுவே ஷேக் அப்துல்லா முட்ஸாகிர் என்ற பெரியவரின் சமாதி நிற்கிறது. சுற்றிலும் இருந்த ஊர் போய்விட்டது. சமாதி மட்டும் மூழ்கவில்லை என்று பக்தியோடு வருகிற யாத்ரீகர்கள் ஏராளம். வாழ்ந்தவர்கள் போய்விட, சமாதி மட்டும் ஊருக்கு அடையாளமாக நிற்கிறது.

போகிறவனுக்கு மூன்று தடைகள். முதலாவது, புது இடத்தில் மனை வாங்கப் பணம் வேண்டும். பழைய நிலத்தை விற்றுத்தான் புது நிலம் வாங்குவது உலக வழக்கம். கடலை யார் விலைக்கு வாங்குவார்கள்? இரண்டாவது, பிழைப்பு. நெல் பயிரிட்டவன் குட்டைக்காரன் ஆனான். குட்டை போனதும் மீனவன் ஆனான். மீனும் நண்டும் பச்சைச் சிப்பியும் கடலில்தான் கிடைக்கின்றன. உள்நாட்டில் மனை கொடுத்தால் வலையை எங்கே வீசுவது? இளைஞர்கள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். ஐம்பது வயதுக்காரரை எந்தத் தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும்? மூன்றாவது, ஊர் என்பது வீடுகளின் கூட்டம் மட்டுமல்ல. பள்ளிவாசல், இடுகாடு, உறவு, ஒருவர் பலகை உடைந்தால் மற்றவர் ஓடிவந்து ஆணி அடிக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் ஊர்.

பெண்களின் நிலைமை இன்னும் சங்கடமானது. டெமாக் ஜில்லாவில் புருஷனோடு கடலுக்குப் போய் வலை இழுக்கும் பெண்கள் பலர். ஆனால் அடையாளச் சீட்டில் அவர்கள் தொழில் ‘குடும்பத் தலைவி’ என்றே எழுதப்பட்டிருந்தது. மீனவர்களுக்குப் பாதுகாப்பும் உதவியும் தர 2016ல் சட்டம் வந்தும், மீனவர் என்ற பெயர் இல்லாத பெண்களுக்கு அதன் பலன் கிட்டவில்லை. சங்கம் சேர்ந்து வாதாடிய பிறகே சிலருடைய சீட்டில் ‘மீனவர்’ என்ற சொல் ஏறியது. ஒரு சொல்லுக்காகவே இத்தனை பாடு என்றால், மூழ்கிய நிலத்துக்காக எத்தனை பாடு பட வேண்டியிருக்கும்!

செய்ய வேண்டியது என்ன?

இயற்கையின் சீற்றத்துக்கு யார் பொறுப்பு என்று கையை விரிப்பது வழக்கம். இந்த ஊர் விஷயத்தில் அந்தப் பதில் செல்லாது. கடல் மட்டம் மில்லிமீட்டர் கணக்கில் ஏறுகிறது. பூமி அங்குலக் கணக்கில் தாழ்கிறது. தாழ்வதற்குக் காரணம் கிணறு. கிணற்றுக்கு அனுமதி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாமல் இறக்கியபோது கண்ணை மூடிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் கிடைக்காததால் கிராமத்தாரும் ஆழ்கிணற்றை நம்பியிருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். அவர்களுக்குக் குழாய் போட்டுக் கொடுத்திருக்க வேண்டியதும் யார்?

நிறுத்த முடியாத வியாதியும் அல்ல இது. டோக்கியோ நகரின் கிழக்குப் பகுதி ஒரு காலத்தில் இப்படித்தான் அமுங்கிக் கொண்டிருந்தது. சில இடங்கள் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டன. ஜப்பானியர் 1956லும் 1962லும் சட்டம் செய்து, தொழிற்சாலைகளும் கட்டடங்களும் நிலத்தடி நீரை இறைப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். வேறு வழியில் தண்ணீர் கொடுத்தார்கள். 1970களில் தாழ்வது பெரும்பாலும் நின்றது. தாழ்ந்த பூமி மறுபடி எழும்பவில்லை. ஆனால் மேலும் தாழவில்லை. ஸெமாராங்–டெமாக் கரைக்கு முதல் மருந்து இதுதான். சுவர் இரண்டாவது மருந்து. முதலாவதைக் கொடுக்காமல் இரண்டாவதைக் கொடுத்தால், சுவரும் பூமியோடு சேர்ந்து இறங்கும்.

அடுத்தது, சட்டம். அழிந்த நிலம் என்ற பிரிவு, நிலம் ஏன் அழிந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். மனிதச் செயலால் நிலம் மூழ்கினால், மூழ்கியதைக் காரணம் காட்டிப் பாத்தியதையை ரத்து செய்யலாகாது. நிலம் தண்ணீருக்குள் இருக்கலாம். பாத்தியதை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். ரோடு வந்தாலும் வராவிட்டாலும் நஷ்டஈடு ஒன்றுபோலக் கிடைக்க வேண்டும். அதைக் கருணை என்று சொல்லாமல் கடன் என்று சொல்ல வேண்டும். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 33வது பிரிவு, நிலமும் நீரும் மக்களின் உச்சபட்ச நன்மைக்காகவே அரசின் வசம் இருக்கின்றன என்று சொல்கிறது. நிலத்தின் மேல் நீர் வந்துவிட்ட இடத்திலும் அந்தப் பிரிவு உயிரோடுதான் இருக்கிறது.

கடைசியாக, போவதா இருப்பதா என்பதை ஊராரே தீர்மானிக்க வேண்டும். போவதானால் வலை வீசும் தூரத்துக்குள் மனை வேண்டும். ஊர் சிதறாமல் சேர்ந்து போக வேண்டும். தண்ணீர் இடுப்பளவு வந்த பிறகு அல்ல, கணுக்காலளவு வரும்போதே அந்த ஏற்பாடு நடக்க வேண்டும். ஸிமெலுவேயில் ஒரு சொல் தலைமுறை தலைமுறையாக முன்னெச்சரிக்கை கொடுத்தது. வடகரையில் அந்த வேலையை அளவுகோலும் சட்டமும் செய்யலாம். பூமி எத்தனை அங்குலம் தாழ்ந்தால் ஊருக்கு உதவி தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதில் கஷ்டம் என்ன இருக்கிறது?

2024ன் தொடக்கத்தில் ஆற்றுக் கரைகள் உடைந்து டெமாக் ஜில்லாவில் வெள்ளம் பரந்தபோது, பழைய முரியா ஜலசந்தி திரும்பி வந்துவிட்டதோ என்று ஜனங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நிபுணர்கள் அப்படியல்ல என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கம் சரிதான். ஆனால் டிம்புல்ஸ்லோகோவில் குனிந்தபடியே அடுப்பு மூட்டும் கிழவிக்கு அந்த விளக்கம் தேவையில்லை. கடல் கொடுத்த பூமியைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டால் அதைத் தெய்வச் செயல் என்று அவள் பொறுத்துக்கொள்வாள். மனிதர்கள் கடலிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவளுடைய பெட்டியில் இருக்கும் காகிதத்தையும் செல்லாது என்று சொன்னால், அதை எந்த தெய்வத்தின் பேரில் எழுதுவது?